இரண்டே கால் லிட்டர், அப்புறம் ஒரு கால்

என் சகலை தேவராஜன் புல்லட் வாங்கிய செய்தி வந்த அன்று, மழை பெய்யவேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். ஏரி நிரம்புவதற்காக அல்ல; புது வண்டி நனையட்டும் என்றுதான். மழை பெய்யவில்லை. அந்த வருஷம் உத்திரமேரூர் ஏரிக்குப் பாதித் தண்ணீர்தான் வந்தது. (என்னைப் போன்றவன் வேண்டிக்கொண்டால் ஊரே சேர்ந்து அனுபவிக்கவேண்டியதுதான்.)

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் மானாம்பதியில் பெண் எடுத்தவன். மாமனாருக்கு மூன்று பெண்கள். மூத்தவள் சரோஜா என் மனைவி. நடுப் பெண் விஜயாவைக் கட்டியவர் தேவராஜன். கடைசிப் பெண் கலாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உத்திரமேரூரில் ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர். மதகு உடைப்பு, நெல் வரத்து, கோயில் தேரின் அச்சு முறிவு, எதுவானாலும் சைக்கிளில் போய்ப் பார்த்து, எழுதி, காஞ்சிபுரம் பஸ் கண்டக்டரிடம் கவரைக் கொடுத்தனுப்புவேன். இரண்டு பக்கம் எழுதினால் நான்கு வரி வரும். தேவராஜனுக்கு ஆவடிப் பக்கம் தொழிற்சாலை வேலை. சீருடை, ஷிப்ட், கேன்டீன் எல்லாம் உண்டு. அதுவரை பொறுத்துக்கொண்டேன். புல்லட்டைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஊர் எல்லையில் அதன் சத்தம் கேட்டதுமே மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவார். என் சைக்கிள் மணி அந்த வீட்டு நாய்க்கே கேட்காது. பார்த்ததைக் குறித்துக்கொள்வது என் தொழில். குறித்துக்கொண்டேன்: அவர் வந்தால் கோழி அடித்தார்கள், நான் வந்தால் முட்டை உடைத்தார்கள்.

இந்த நிலையில்தான் கலாவுக்குத் தென்னேரியில் வரன் அமைந்தது. பையன் பெயர் சேகர். ஏரிப் பாசனத்தில் நிலம், சொந்த டிராக்டர். பெண் வீட்டார் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்து, வெற்றிலை பாக்கு மாற்றி, அங்கேயே கை நனைப்பது என்று ஒரு வெள்ளிக்கிழமை குறித்தார்கள். கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. சாப்பிட்டு எழுந்தால் சம்பந்தம் முடிந்தது. சாப்பிடாமல் திரும்பினால் முறிந்தது. பத்தரைக்கு ராகு காலம் பிறப்பதால் அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். இதில் ஒரு முள் இருந்தது. சேகருடைய அப்பாவின் அக்கா கன்னியம்மாள், தன் பெண்ணைச் சேகருக்குக் கட்ட நினைத்து முடியாமல் போனவர். இந்தச் சம்பந்தத்தில் ஒரே ஒரு குறை கிடைக்காதா என்று அவர் காத்திருப்பதாக மானாம்பதி வரை தகவல் வந்திருந்தது. ஒரு சகுனம் சரியில்லை என்றால் போதும், கலாவின் கல்யாணம் நின்றுவிடும்.

முறைப்படி இப்படிப்பட்ட காரியத்துக்கு மாமனாரின் பக்கத்திலேயே போகவேண்டியவன் மூத்த மாப்பிள்ளை. நானும் ஒரு சட்டையை வெளுத்து வைத்திருந்தேன். மாமனார் கூப்பிட்டுச் சொன்னார்.

"மாப்ள, நான் சின்ன மாப்ள வண்டில முன்னால பூட்றேன். நீங்க வேன்ல பொம்பளைங்களோட தட்டு எடுத்துக்கினு வந்துடுங்க."

பொம்பளைங்களோட. தட்டு எடுத்துக்கினு. அந்த மூன்று சொற்களை இன்றைக்கும் அவர் குரலிலேயே சொல்லிக் காட்ட என்னால் முடியும்.

தேவராஜன் முந்தின ஞாயிற்றுக்கிழமையே வண்டியில் வந்தவர், ஷிப்ட் இருக்கிறது என்று புல்லட்டை மானாம்பதியில் நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் திரும்பிவிட்டார். வியாழன் சாயங்காலம் வருவதாக ஏற்பாடு. வண்டிக்கு ஆயில் மாற்ற வேண்டிய நேரம் என்றும், உத்திரமேரூர் மெக்கானிக் வந்து மாற்றுவார் என்றும் சொல்லி, ஒரு லிட்டர் டின் இரண்டும் அரை லிட்டர் டின் ஒன்றும் வைத்துவிட்டுப் போயிருந்தார். வியாழன் மதியம் வரை மெக்கானிக் வரவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மாமனார் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"பேஜாரா கீது மாப்ள. ஆள் அனுப்பினேன். அவன் மச்சான் வூட்டு காதுகுத்துக்குப் பூட்டானாம்."

"நான் மாத்தறேன் மாமா" என்றேன்.

நான் சொன்னதுதான். ஆனால் சொன்னது நானா என்று எனக்கே சந்தேகம். அடுப்படியிலிருந்து சரோஜா எட்டிப் பார்த்தாள்.

"உங்களுக்கு இன்னா தெரியும்? சைக்கிளுக்குக் காத்து அடிக்கவே கடைக்குத்தான போறீங்க?"

"புஸ்தகம் கீது இல்ல?" என்றேன் அலட்சியமாக.

வண்டியின் பெட்டியில் ஸ்பானர்களோடு ஒரு சிறு ஆங்கிலப் புத்தகம் இருந்தது. அந்த வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். புரட்டினேன். எஞ்சின் ஆயில் அளவு என்ற தடித்த எழுத்துக்கு எதிரே இரண்டே கால் லிட்டர் என்று போட்டிருந்தது. மாமனாருக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தேன். அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு பத்தி இருந்தது. அதைப் படிக்கவில்லை. நான் எழுதும் செய்தியைத் தலைப்போடு விட்டுவிடுகிறார்களே என்று வாசகர்கள் மேல் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தவன் நான். அன்றைக்கு நானும் தலைப்போடு நின்றேன்.

எஞ்சினுக்குக் கீழே ஒரு நட்டு தெரிந்தது. கழற்றினேன். கறுப்பு ஆயில் இறங்கியது. பழைய டின்னில் பிடித்தேன். சிறிது நேரத்தில் சொட்டு சொட்டாகி நின்றது. டின்னைத் தூக்கிப் பார்த்தால் ஒரு லிட்டருக்குச் சற்று அதிகம். புத்தகத்தில் இரண்டே கால்.

மற்றவர்களாக இருந்தால் இந்த இடத்தில், மீதி ஆயில் எங்கே என்று யோசித்திருப்பார்கள். எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை. வந்தது சந்தோஷம். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பெரிய செய்தி அது. பாதி ஆயிலோடு புல்லட் ஓட்டியிருக்கிறார் என் சகலை!

"மாமா, இங்க வாங்க. இன்னா நிலைமைல வண்டி கீதுன்னு பாருங்க."

மாமனார் டின்னுக்குள் பார்த்தார். "அட, ஆமா. கம்மியாதான் கீது."

"பட்டணத்துல வேல செஞ்சா போதுமா மாமா? வண்டி வாங்கினா வெச்சிக்கத் தெரியணும்."

விஜயாவுக்கும் கேட்கட்டும் என்று அதை மறுபடி ஒரு முறை சொன்னேன். டின்னை ஆதாரமாகத் திண்ணையோரம் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தேன். பிறகு இரண்டு லிட்டரை ஊற்றி, மாமியாரின் பால் அளக்கும் கால் லிட்டர் அளவையை வாங்கி, விளிம்பு தட்டாமல் ஒரு அளவை ஊற்றினேன். ஆயில் குச்சியை விட்டு எடுத்துப் பார்த்தால் மேல் கோட்டுக்குச் சரியாக நின்றது. ஒரு சொட்டு கூடவில்லை, குறையவில்லை. (பால் அளவைதான் அதன்பிறகு பாலுக்கு உதவவில்லை.)

சாயங்காலம் பஸ்ஸில் வந்த தேவராஜன் விஷயம் கேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப தேங்க்ஸ்ணா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" பிறகு திண்ணையோரத்து டின்னைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "இவ்ளோதான் வந்துச்சா? அண்ணா, அடில ரெண்டு நட்டு இருக்குமே, ரெண்டையும் கழட்டினீங்களா?"

எனக்குத் தெரிந்து ஒரு நட்டுதான் இருந்தது. மாமனார் பக்கத்தில் நின்றார். விஜயா நின்றாள். ஆயில் மாற்றியதிலிருந்து அந்த வீட்டில் எனக்கு நடந்துகொண்டிருந்த மரியாதை என் கண் முன்னால் வந்தது. மதியம் எனக்குக் கோழி அடித்திருந்தார்கள்.

"எல்லாம் கழட்டியாச்சு" என்றேன்.

அவர் நம்பினார். நல்ல மனுஷன். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

காலையில் எல்லாரும் குளித்துக் கிளம்பும்போது மாமனார் ஒரு யோசனை சொன்னார். அவர் தன் கிணற்று ஆயில் எஞ்சினைப் பதினைந்து வருஷமாகத் தானே பார்த்துக்கொள்பவர். "மாப்ள, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னால குச்சியப் பாத்துடுங்க. நம்ம கெணத்து எஞ்சினுக்கு நான் டெய்லி அப்படித்தான் பாக்கறேன்." பார்த்தேன். ஆயில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. இரவோடு இரவாக எங்கே போயிற்று என்று இப்போதும் நான் கேட்கவில்லை. அரை லிட்டர் டின்னில் மிச்சம் இருந்த கால் லிட்டரையும் ஊற்றிக் கோட்டுக்குக் கொண்டுவந்தேன். தேவராஜன் அப்போது தலை வாரிக்கொண்டிருந்தார்.

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் புல்லட். ஓட்டுவது தேவராஜன், பின்னால் சரிகைக் கரை போட்ட வெள்ளை வேட்டியில் மாமனார், அரசியல் தலைவர் மாதிரி நிமிர்ந்து. பின்னால் வேன். அதில் கலாவையும் சேர்த்து எட்டுப் பெண்கள் (அவளையும் அழைத்து வரும்படி சேகர் வீட்டிலேயே சொல்லியிருந்தார்கள்), டிரைவர், நான். என் மடியில் வாழைப்பழத் தட்டு. அதன்மேல் தேங்காய்த் தட்டு. தேங்காய்க்கு நடுவிலிருந்த சந்து வழியாகத்தான் எனக்குச் சாலை தெரிந்தது.

உத்திரமேரூர் தாண்டும் வரை ஒன்றுமில்லை. வாலாஜாபாத் சாலையில் வேகம் எடுத்ததும் புல்லட்டின் பின்னால் நீலமாக ஒரு கோடு எழுந்தது. கோடு புகையானது. புகை மேகமானது. எதிரே வந்த மாட்டு வண்டிக்காரர் வண்டியை ஓரம் கட்டி இறங்கிவிட்டார்.

வேன் டிரைவர் கண்ணாடியை ஏற்றினார். "இன்னா சார், முன்னால போறவரு கொசு மருந்து அடிச்சிக்கினு போறாரா?"

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் புகையைப் பார்த்ததும் முதலில் எனக்கு வந்தது பயமல்ல. குளிர்ச்சி. பெரிய புல்லட்! பார் அதன் லட்சணத்தை! சரியாக அரை கிலோமீட்டர் தூரம் நான் அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன். அதற்குப் பிறகுதான், அந்த வண்டியைக் கடைசியாகத் தொட்டவன் யார் என்ற விவரம் என் ஞாபகத்துக்கு வந்தது.

"ஐயோ, நைனா வேட்டியப் பாருங்க!" என்றாள் சரோஜா.

எஞ்சினிலிருந்து சங்கிலிப் பக்கமாகப் போகும் ரப்பர் குழாய் வழியாக ஆயில் துப்பிக்கொண்டே இருந்தது. மாமனாரின் இடது முழங்காலுக்குக் கீழே முதலில் புள்ளிகள், பிறகு தீவுகள், பிறகு ஒரே கண்டம். அவருக்குத் தெரியாது. எதிர்ப்பட்டவர்கள் வெறித்துப் பார்ப்பதைத் தன் கம்பீரத்துக்கான மரியாதையாக எடுத்துக்கொண்டு, இரண்டு இடங்களில் கையெடுத்துக் கும்பிட்டார்.

வழியில் ஒரு முறை வண்டி நின்றது. தேவராஜன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி கிளப்பினார். நான் வேனைவிட்டு இறங்கவில்லை. தட்டு மடியில் இருந்தது என்பது நல்ல காரணம். தென்னேரியில் மாப்பிள்ளை வீட்டுத் தெருவுக்குள் புல்லட் நுழைந்தபோது மணி பத்து. தெருவின் மறுமுனை புகையில் மறைந்தது. குழந்தைகள் இருமின. வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றவர்களுக்கு நடுவில், இடுப்பில் கை வைத்துக் கன்னியம்மாள்.

"இன்னாமே இது? பொண்ணு வூட்டுக்காரங்க வராங்களா, வூடு பத்திக்கினு வருதா?"

புகையிலிருந்து மாமனார் இறங்கினார். அப்போதுதான் அவர் தன் வேட்டியைப் பார்த்தார். முழங்காலிலிருந்து கரை வரை கறுப்பு. அவர் முகத்தை நான் விவரிக்கப்போவதில்லை.

கன்னியம்மாள் தன் தம்பியை, சேகரின் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். காத்திருந்தது கிடைத்துவிட்ட குரலில் நிதானமாகச் சொன்னார். "நல்ல காரியத்துக்கு வந்த மனுசன் கருப்பு கட்டிக்கினு வந்து வாசப்படில நிக்கறான். இதுக்கு மேல உனக்கு இன்னா சகுனம் வேணும்? உள்ள கூப்பிடாத. திருப்பி அனுப்பு."

வேனுக்குள் கலா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கையிலிருந்த கைக்குட்டை முறுக்கி முறுக்கிக் கயிறாகியிருந்தது. என் பொறாமைக்கு அதுவரை ஒரே ஒரு ஆள்தான் குறி. நடுவில் இந்தப் பெண் இருக்கிறாள் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

மாப்பிள்ளை சேகர் வாசலுக்கு வந்தான். பட்டுக்கரை வேட்டி, புதுச் சட்டை. யாரையும் பார்க்கவில்லை. நேராகப் புல்லட்டுக்குப் போய்க் குனிந்து, குழாயை விரலால் தொட்டு முகர்ந்தான்.

"ஆயில் யாரு மாத்தினது?"

தேவராஜன் என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு, "வண்டி என்னுதுதாங்க" என்றார். "நான்தான் கவனிக்காம வுட்டுட்டேன்."

பொறாமைப்படுவதற்கு இனி அந்த மனிதரிடம் ஒன்றும் பாக்கி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருந்திருக்கிறது.

அந்த நேரத்தில் வேனிலிருந்து ஒரு குரல் வந்தது. எங்கள் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் கிடையாது. கதவுக்குப் பின்னால் நின்று, "சாப்பிட வரச்சொல்லு" என்று மகளிடம்தான் சொல்வார். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் என் மாமியார் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருடைய முதல் வார்த்தை தென்னேரியில், நடுத்தெருவில், இரண்டு ஊர் ஜனங்களுக்கு முன்னால் வந்தது.

"எவ்ளோ ஊத்தினீங்க மாப்ள?"

தேங்காய்த் தட்டுக்குப் பின்னாலிருந்து சொன்னேன். "ரெண்டே கால்."

எல்லாரும் காத்திருந்தார்கள். மாமியாரும் காத்திருந்தார். பால் அளவை அவருடையது.

"அப்புறம் காலைல... ஒரு கால்."

"பழசு எவ்ளோ எறக்கினீங்கண்ணா?" என்றான் சேகர்.

"நாலு நாள் நின்ன வண்டி. ஒரு லிட்டருக்கு மேல வந்துச்சு. ஒரு நட்டுதான் கழட்டினேன்."

சொல்லி முடித்ததும் தேவராஜன் கண்ணை மூடிக்கொண்டார். சேகர் சிரிக்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டிராக்டர் பெட்டியிலிருந்து ஸ்பானரும் ஒரு இரும்புச் சட்டியும் எடுத்துவந்து, எனக்குத் தெரியாத அந்த இரண்டாவது நட்டைக் கழற்றினான். ஆயில் வந்தது. வந்துகொண்டே இருந்தது. சட்டியைச் சுற்றித் தெரு ஜனம் கூடிவிட்டது.

"நாலு நாள் நின்ன வண்டி மாமா," என்று மாமனாருக்கு விளக்கினான். "நின்னா ஆயில் மேல டேங்க்ல இருக்காது, எஞ்சின் அடிக்கு எறங்கிப் பூடும். ரெண்டாவது நட்டு அதுக்குத்தான். குச்சில கம்மியாதான் காட்டும். ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிசம் ஓட வுட்டுட்டுத்தான் எறக்கணும். குச்சியும் அப்படித்தான் பாக்கணும். இது கெணத்து எஞ்சின் மாதிரி இல்ல."

மாமனார் தலையை மட்டும் ஆட்டினார். காலையில் குச்சி பார்க்கச் சொன்னது யார் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. (இதுவரைக்கும் சொல்லவில்லை. இப்போதுதான்.)

மணி பத்தேகால். "ஆயில் கதையெல்லாம் இருக்கட்டும்," என்றார் கன்னியம்மாள். "கருப்பு கருப்புதான."

சேகரின் அம்மா அதுவரை வாய் திறக்காதவர். உள்ளே போனார். தாம்பாளத்தில் ஒரு புது வேட்டியோடு திரும்பி வந்தார். மகன் கல்யாணத்துக்காக எடுத்து வைத்திருந்தது போலிருக்கிறது, மடிப்பு கலையவில்லை. கணவர் கையில் தாம்பாளத்தைக் கொடுத்தார். அவர் அதை மாமனாரிடம் நீட்டினார்.

"கட்டிக்கினு வாங்க சம்மந்தி."

அந்தக் கடைசி வார்த்தையோடு விஷயம் முடிந்தது. எங்கள் பக்கத்தில் துணி எடுத்துக் கொடுப்பது சம்பந்திக்குத்தான். கையால் கொடுத்து, வாயாலும் சொல்லியாகிவிட்டது. இனி வெற்றிலை பாக்கு அதன் பின்னால் வரவேண்டியதுதான். கன்னியம்மாளுக்கும் அது தெரியும். ஆரத்தித் தட்டை வாங்கித் தானே சுற்றினார். பத்து இருபத்தைந்துக்குத் தட்டு மாற்றினார்கள்.

கை நனைக்க உட்கார்ந்தபோது, மாமனார் பக்கத்தில் சேகரை உட்காரவைத்துக்கொண்டார். கிணற்று எஞ்சின் புகைவதைப் பற்றி, பம்பு தண்ணீர் இழுக்காததைப் பற்றி, டிராக்டர் டயர் பற்றி. அவர் இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. நானும் தேவராஜனும் பந்தியின் கடைசியில். சாம்பார் சாதம் முடித்தோம். பிறகு அவர் என் காதருகே குனிந்தார்.

"பாத்தீங்களாண்ணா? மாமா நம்ம பக்கம் திரும்பக்கூட இல்ல."

அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்ததிலிருந்து முதல்முறையாக அந்த மனிதரை எனக்குப் பிடித்தது. அன்றிலிருந்து நாங்கள் இணைபிரியாத சகலைகள். பொறாமையைப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் கிடைத்தால் அது எவ்வளவு லேசாகிவிடுகிறது என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

கலா தென்னேரிக்குப் போய், இப்போது பேரப் பிள்ளைகளும் எடுத்துவிட்டாள். மாமியார் அன்று ஆரம்பித்த பேச்சை நிறுத்தவே இல்லை. குடும்பம் கூடும் பந்தியில் அவரோ, அவரைப் பார்த்துப் பழகிய பெண்களில் ஒருத்தியோ ரசப் பாத்திரத்தோடு என் இலைக்கு வந்தால், கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பார்கள். "ரெண்டே காலா மாப்ள? இன்னொரு காலும் ஊத்தட்டுமா?" பந்தி முழுக்கச் சிரிக்கும். தேவராஜன் இலைக்கு வரும்போது, "எஞ்சின் சூடா கீதா?" என்பார்கள். அவரும் சிரிப்பார்.

சேகர் இலைக்கு மட்டும் ஒன்றும் கேட்காமல் ஊற்றுவார்கள்.